திரையில் நீ சொன்னது

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று கோர்ட்டிலிருந்து வந்தது முதல் உனக்குப் போன் செய்கிறேன். நீ எடுக்கவே இல்லை.

பீன்யாவில் இருக்கும் நம் பட்டறையில் நான் வரைந்த வால்வைத் தன்னுடையது என்று விற்கும் உன் இத்தாலி கம்பெனி மேல் கேஸ் போட்டபோதே, நீ அங்கே வேலை பார்ப்பதை நினைத்துத் தயங்கினேன். அவர்கள் உன்னையே சாட்சியாக நிறுத்துவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இத்தாலியிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்ல, கோர்ட் திரையில் உன் முகம் வந்தது. "இந்த டிசைன் யாருடையது?" என்று நம் வக்கீல் கேட்டார். பக்கத்தில் யாரையோ பார்த்தாய். தண்ணீர் குடித்தாய். பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னாய்:

"எங்க அக்கா வரைஞ்சது சார்."

உடனே திரை அணைந்துவிட்டது.

"இனிமே பயமில்லைம்மா, ஜெயிச்சாச்சு" என்றார் வக்கீல். எனக்கு அப்போதுதான் பயமே ஆரம்பித்தது. உன் வேலை, உன் விசா, நீங்கள் இருக்கும் கம்பெனி வீடு, பிள்ளைத்தாய்ச்சியான உன் மனைவி வீணா. அவளும் போன் எடுக்கவில்லையே, ஏன்டா?

நீ பொய் சொல்லியிருந்தால் உன்மேல் கோபப்பட்டிருப்பேன். ஆனால் நேற்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல்.

உன் அக்கா