தாடிக்காரர் மறந்த சரணம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே இப்போதைக்குப் போதும். இங்கே நாங்கள் சுகம். இவருக்குத்தான் முழங்கால் வலி. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர், லிஃப்ட் இல்லாத எங்கள் வீட்டின் மூன்று மாடியையும் திட்டிக்கொண்டே ஏறுகிறார்.

போன சனிக்கிழமை நம் தாடிக்காரர் பாட நேரில் கேட்டேன்! எழுபத்து நாலில் வந்த அந்த இசைத்தட்டின் அட்டையில் சைக்கிளோடு நிற்பாரே, அவரேதான். இப்போது தாடி முழுக்க வெள்ளை. நூலக மாடியில் நூறு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கடை முதலாளியிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு, லென்ஸ் தேய்த்த கையோடு ஓடினேன்.

ஒரே ஒரு கிட்டார். குரல் தேய்ந்திருக்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்து நம்மிடம் பேசுவது போன்ற அந்தப் பாட்டு அப்படியே இருக்கிறது. மற்றவர்கள் காதலுக்கு நிலாவைக் கூப்பிட்ட காலத்தில், சண்டை போட்ட மறுநாள் இரண்டு பேர் சேர்ந்து பாத்திரம் கழுவுவதைப் பாடினவர் ஆயிற்றே! கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு மூச்சு நிறுத்துவாரே, அன்றைக்கும் நிறுத்தினார். எனக்கு அதே பதற்றம்.

அந்தப் பாத்திரம் கழுவுகிற பாட்டில்தான், மூன்றாவது சரணத்தில், நிஜமாகவே நின்றுவிட்டார். "எழுதினவனுக்கே மறந்துபோச்சு, மன்னிச்சிருங்க" என்றார். அரங்கமே தலை குனிந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, இருந்த இடத்திலிருந்தே பாடிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முடியும்வரை எனக்குக் கிட்டார் வாசித்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, "ரெண்டாவது வரியில ஒரு ராகம் போட்டீங்களே, அது என்னோடது இல்லையேம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் புரிந்தது. நம் இசைத்தட்டில் அந்த இடத்தில் கீறல். ஊசி தாண்டிப் போய்விடும். சொற்கள் அட்டையின் பின்னால் இருந்தன, ராகம் இல்லை. பதினாறு வயதில் நீயாக ஒன்று போட்டுப் பாடினாய். இத்தனை வருஷமும் அதை அவருடையது என்றே நினைத்திருக்கிறேன், பைத்தியம்.

"எங்க அக்கா போட்டது" என்றேன். "என்னோடதைவிட நல்லா இருக்கு. இனிமே இப்படித்தான் பாடப்போறேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் நான்கு நாள் முயன்றேன். நீ எடுக்கவில்லை. கோபமில்லை. அத்தான் இல்லாத வீட்டில் மணி அடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு மாதம் இங்கே வந்து இரேன். பேச வேண்டாம், பாட வேண்டாம். சும்மா இரு. எந்த ரயில் என்று ஒரு வரி எழுதினால் போதும், நிலையத்தில் வந்து நிற்பேன்.

உன்னைவிட நான் சின்னவள், வாழ்த்த வயதில்லை. ஆனாலும் சொல்கிறேன்: நீ நன்றாக இருக்க வேண்டும், அக்கா. எனக்காகவாவது.

உன் தங்கை