தாள் கிழியவில்லை

நவம்பர் 3
மூன்றாம் நாளாக மழை. பகல் முழுவதும் ‘ஸ்லிப்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கழிந்தது. தேயிலைத் தோட்டங்களில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நான் தொகுத்துவரும் அகராதியில் இதைப்போல் தொல்லை கொடுத்தது வேறில்லை. சம்பளத்துக்கு ஸ்லிப், ஆஸ்பத்திரிக்கு ஸ்லிப், தலையணை உறையும் ஸ்லிப். நாற்றுக்கென நறுக்கும் தேயிலைக் கிளையும் பழைய புத்தகங்களில் ஸ்லிப். எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள் என்றுதான் எண்ணியிருந்தேன். இல்லை, மூன்று சொற்கள். வழுக்குவது ஒரு வேர், வெட்டிய துண்டு மற்றொரு வேர், சேறு மூன்றாவது. உறவில்லாத மூவர் ஒரே பெயரில் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். கோயம்புத்தூர்க் கல்லூரியில் முப்பத்தோர் ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவளுக்கு இது எழுபத்தாறாம் வயதில் தெரிகிறது. வெட்கக்கேடு.

தலை நிமிர்ந்தபோதுதான் பின்னறைச் சுவரில் அந்த விரிசலைக் கண்டேன். தரையிலிருந்து சன்னல் வரை. நேற்று இருந்ததா?

நவம்பர் 4
பின்னறை மேட்டின் விளிம்பில் நிற்கிறது. நேர் கீழே எஸ்டேட் லயம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை. எட்டு வீடுகள், முப்பத்துநான்கு பேர். மூன்றாவது வீட்டில் பேச்சி. குழந்தையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவள். எனக்குச் சமைக்கவும் என்னைத் திட்டவும் பதினெட்டு ஆண்டுகளாக மேடேறி வருகிறவள்.

கொத்தனார் சிவகுரு பார்த்துவிட்டுப் போனார். “ஈரத்துக்கு விட்டிருக்குமுங்க. மண்ணே நகந்தாலும் நகந்திருக்குமுங்க.” இரு பக்கமும் சாயும் தீர்ப்பு. “குறுக்கால எதையாவது ஒட்டி வச்சுப் பாருங்க. நகந்தா பிஞ்சுக்கும்.”

ஸ்லிப்புக்கென எழுதி வைத்த குறிப்புச் சீட்டுகளில் நான்கை எடுத்து, சோற்றுப் பசையால் விரிசலின் குறுக்கே ஒட்டித் தேதியிட்டேன். எங்கள் கல்லூரிச் சுவருக்கு எஞ்சினியர் அப்படித்தான் செய்தார்.

“தாளையா ஒட்டுறீங்க?” என்றாள் பேச்சி. “இந்த மழையில தாளு என்னத்தச் சொல்லும்? கண்ணாடித் துண்ட சிமிட்டி வச்சு ஒட்டுங்க டீச்சரம்மா. செவுரு அசஞ்சா கண்ணாடி உடஞ்சு காட்டிரும். எங்கப்பா அங்க தோட்டத்துல அப்பிடித்தான் வைப்பாரு.”

“கிழியறதுக்குத் தாள் போதும், பேச்சி.”

நவம்பர் 6
கிழியவில்லை.

நவம்பர் 7
கிழியவில்லை. கிராம அலுவலர் லயத்தாரைப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கச் சொன்னாராம். ஒருவரும் நகரவில்லை. மாலையில் லயத்து வேலாயி மேடேறி வந்தாள்.

“என்னா சொல்லுது உங்க காயிதம்? மூட்ட கட்டவா, சோறாக்கவா?”

“சோறாக்கு.”

சிரித்துக்கொண்டே இறங்கினாள். நான் சிரிக்கவில்லை. அரசாங்கத்தின் பேச்சைவிட என் நான்கு சீட்டுகளை அவர்கள் நம்புகிறார்கள். வகுப்பில்கூட யாரும் என்னை இவ்வளவு நம்பியதில்லை.

நவம்பர் 9
பின்னறைக் கதவு சாத்த வரவில்லை. நிலையில் உரசுகிறது. தாள்களோ முழுசாக இருக்கின்றன. கதவு மரம், ஈரத்தில் ஊதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்றும் இன்றும் வேலாயியிடம் அதே பதில். சொன்ன பிறகு கதவை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தேன். ஏன்?

நவம்பர் 10, பிற்பகல் மூன்று மணி
மரம் ஈரத்தில் ஊதும் என்றால் தாள்? நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தொட்டுப் பார்த்தேன். துணிபோல் துவண்டிருக்கிறது. பசை இளகி, நான்கும் ஒரு முனையில் சுவரை விட்டு நழுவியிருக்கின்றன. பின்னால் என் சுண்டுவிரல் போகிறது. முழு விரல் — எத்தனை நாளா இது எதையுமே பிடிச்சுக்கிட்டு இல்ல? நான் அவங்ககிட்ட சோறாக்குன்னு சொன்னேனே. மூணு தடவ சொன்னேனே.

இறங்கணும். படியெல்லாம் பாசி. எழுதிக்கிட்டு உக்காராதே. போ.

நவம்பர் 12, பள்ளிக்கூடம்
படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். குழாயடியில் நின்றவர்களிடம் சொன்னேன்: “என் தாள நம்பாதீங்க. நான் தப்பா ஒட்டிட்டேன். இப்பவே கிளம்புங்க.” யாராவது ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பேச்சி என் சேலையின் சேற்றைப் பார்த்தாள். நான் எப்படி வந்தேன் என்று அவளுக்குப் புரிந்தது. “ஒரு கண்ணாடித் துண்டு வைக்காததுக்கு வந்த கேடு” என்றாள். பிறகு லயம் முழுவதும் கேட்க, “வெந்தது வேகாதது எல்லாத்தையும் பானையோட தூக்குங்கடி.”

பள்ளிக்கூடத்தில் மும்முறை எண்ணினேன். முப்பத்துநான்கு.

நேற்றுக் காலை ஆறரைக்கு மேடு இறங்கியது. என் பின்னறை, சமையலறை. லயத்தில் ஐந்து வீடுகள், மூன்றாவதும் சேர்த்து. அகராதிச் சீட்டுப் பெட்டியும் போயிற்று. ஸ்லிப்பின் மூன்றாம் வேருக்கு, அந்தச் சேற்றுக்கு, மேற்கோள் தேடிக்கொண்டிருந்தேன். இனித் தேட வேண்டாம்.

  நான் விரலை விட்டுப் பார்க்காமலிருந்தால் பத்தாம் தேதி மாலையும் வேலாயி வந்து கேட்டிருப்பாள்; சோறாக்கு என்றிருப்பேன்.

டிசம்பர் 8, அரவேணு
வாடகைக்கு இரண்டு அறைகள். வீடு கிடைக்கும் வரை பேச்சியும் இங்கேதான். புதிய கட்டடம், சுவரில் விரிசல் இல்லை. ஆனாலும் வந்த அன்றே அவள் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமிட்டி வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். வீட்டுக்காரர் கேட்டதற்கு, “அது டீச்சரம்மாவோடது” என்றாளாம்.

 காலையில் எழுந்ததும் இருவரும் முதலில் அதைத்தான் பார்க்கிறோம். பார்த்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.