ஒண்டைக் குடுத்து நாலும் பத்தும்

4.3.2007, ஞாயிறு

மழையும் பனியும் கலந்து கொட்டுது. பூசையாலை வரேக்கை சப்பாத்து முழுக்க ஈரம். ஜனவரிப் புயலிலை விழுந்த மரம் இன்னும் மைதானத்து வேலிக்கு மேலை கிடக்கு. நகரசபைக்கு ரண்டுதரம் சொல்லியாச்சு.

செய்ய வேண்டியது:
ஜேர்சி எண்ண (9 எங்கை?)
பொன்னாடை வாங்க
செவ்வாய் கார் சோதனைக்கு நேரம்
ஆள் எடுப்புக்கு லிஸ்ற் எழுத

ஆள் எடுப்பு வாற ஞாயிறு. முறையை இஞ்சை எழுதி வைக்கிறன், பிறகு ஆரும் மாத்திக் கதைக்கக் கூடாது. ஜேர்மனியிலை ஆறு ஊர்த் தமிழ்ப் பெடியளின்ரை கால்பந்து ரீம். வருசா வருசம் எல்லாப் பெடியளையும் ஒரே லிஸ்றிலை போட்டு, பொறுப்பாளர்மார் வரிசையிலை ஒவ்வொருவரா எடுக்கிறது. போன வருசம் கடைசியா வந்தவைக்கு ஒண்டாம் இலக்கம். பிறகு சுத்தி ஏழாம் இலக்கம், பதின்மூண்டு. கடைசியா வந்தது ஆர்? எங்கடை ஊர், ஹம். அதுக்கு முதல் வருசம்? அதுவும் ஹம். மூண்டாம் தரமும் கடைசியெண்டால் ரீமைக் கலைச்சு இடத்தை வேறை ஊருக்குக் குடுக்கிறதெண்டு கமிற்றி சொல்லிப்போட்டுது. பொறுப்பாளர் அடியேன்.

ஆரை எடுக்கிறதெண்டு யோசிக்கவே தேவையில்லை. றெஜி. மனுசியின்ரை தம்பி. இருபத்தாறு வயது, இடதுகால் காரன், ஓட வெளிக்கிட்டால் ஒருத்தராலையும் பிடிக்கேலாது. முதலாவதா எடுபடுறவனுக்குப் பொன்னாடை போடுறது எங்கடை வழக்கம். அத்தான் மச்சானுக்குப் போடுறது, நல்ல படமா வரும்.

5.3, திங்கள்

காலை வேலை. கம்பி இழுக்கிற மெசின் ரண்டுதரம் நிண்டது.

பின்னேரம் சாப்பிடேக்கை மனுசி மெற்றில்டா சொல்றாள், "இஞ்சேருங்கோ, றெஜியை எடுக்காதேங்கோ."

சொந்தத் தம்பி! இந்த நாட்டிலை அவளுக்கெண்டு இருக்கிற ஒரே சகோதரம்.

"உனக்கென்ன விசரே?" எண்டன்.

"போன வருசம் பத்து மட்சிலை எத்தினைக்குப் பதினொரு பேர் வந்தவை?"

யோசிச்சன். மூண்டு. ஒருக்கால் ஏழு பேரோடை விளையாடி ஒன்பது கோல் வாங்கினனாங்கள்.

"நீங்கள் காலைப் பாத்து ஆள் எடுக்கிறியள். நான் கிழமையைப் பாத்து எடுப்பன்" எண்டாள்.

அவள் முதியோர் இல்லத்திலை இருபத்திரண்டு பேருக்கு வேலை அட்டவணை போடுறவள். ஆர் எந்த நாள் வருவினம், ஆர் சுகமில்லை எண்டு அடிப்பினம், எல்லாம் அத்துப்படி. இப்ப பிரிஜ் கதவிலை பழைய கலண்டர் தாளின்ரை பின்பக்கம் ஒரு லிஸ்ற். எங்கடை பெடியள் எண்பத்திநாலு பேரின்ரை பேர், வேலை, எந்த ஞாயிறு லீவு. பெண்சாதிமாரிட்டையும் தாய்மாரிட்டையும் ரெலிபோனிலை கேட்டு எழுதினதாம். எப்ப தொடங்கினவள்? மார்கழியிலை. நான் கால்பந்து எண்டு துள்ளிக்கொண்டு திரிஞ்சன், இவள் சத்தமில்லாமல் இதைச் செய்திருக்கிறாள்.

றெஜியின்ரை பேருக்கு நேரை: காலை, பின்னேரம், இரவெண்டு மூண்டு முறை வேலை, ஞாயிறும் உண்டு, பாதி மட்ச் நிச்சயமில்லை.

7.3, புதன்

கார் பாஸ். பின் ரயர் ரண்டும் மாத்தச் சொல்லுறான்.

மெ.வின்ரை திட்டம் இதுதான். ஒண்டாம் இலக்கத்தை றெஜியிலை ஆசையுள்ள ஒருத்தருக்குக் குடுத்து, அதுக்குப் பதிலா அவையின்ரை ரண்டு இலக்கத்தை வாங்கிறது. இப்பிடி ஆரும் இதுவரை செய்யேல்லை. செய்யக் கூடாதெண்டும் சட்டமில்லை, ஆள் எடுப்பை நடத்திற பங்குச் சுவாமியிட்டைக் கேட்டாச்சு.

பின்னேரம் டோர்ட்முண்ட் பொறுப்பாளர் ஞானம் அண்ணைக்கு ரெலிபோன். பலசரக்குக் கடை வைச்சிருக்கிற மனுசன், பேரம் அவருக்குச் சோறு மாதிரி. அவருக்கு நாலாம் இலக்கமும் பத்தாம் இலக்கமும். ஸ்பீக்கரிலை போட்டன்.

"நாலைத் தாறன் தம்பி, கூடக் கடைசிச் சுத்திலை என்ரை முறையும் வைச்சுக்கொள்."

நான் ஓம் எண்டு சொல்லப் பாத்தன். மெ. வெங்காயம் வெட்டின கையாலை என்ரை முழங்கையைப் பிடிச்சாள். என்வலப்பிலை பெரிசா எழுதிக் காட்டினாள்: 10.

"பத்து வேணும் அண்ணை. கடைசி முறையை நாங்கள் தாறம்."

"ஐயோ, பத்து ஏலாது!"

மெ. கையைக் காட்டினாள், பேசாமல் இருங்கோ எண்டு. இருந்தன். பேசாமல் இருக்கிறது எவ்வளவு கஷ்டம்! அந்தப் பக்கம் மனுசன் பெருமூச்சு விட்டார், இருமினார், "சரி, எடு" எண்டார்.

அதோடை விட்டிருக்கலாம். அவள் ரெலிபோனை வாங்கி, "அண்ணை, ஒண்டை இப்பவே சொல்லிப்போடுறன். அவனுக்கு ஞாயிறும் வேலை வரும். பாதி மட்சுக்குத்தான் வருவான். பிறகு ஏமாத்திப்போட்டாள் எண்டு சொல்லக் கூடாது" எண்டாள்.

ஞானம் அண்ணை சிரிச்சார். "பாதிக்கு வந்தாலும் அவன் காணும் பிள்ளை."

இப்பிடி ஒருத்தியை நான் வேறை எங்கையும் காணேல்லை. இதை அவளுக்குச் சொல்லேல்லை, இஞ்சை எழுதுறன்.

10.3, சனி

மெ. காலமை வேலைக்குப் போகேக்கை சொன்னது: "றெஜிக்கு இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. பொறுப்பாளர் நீங்கள், உங்கடை வாயாலைதான் வரவேணும். காரணத்தையும் சொல்லுங்கோ." ஓம் எண்டன்.

பதினொரு மணிக்கு எடுத்தன். நான் வாயைத் திறக்க முதல் அவன், "அத்தான், நாளைக்குப் படத்துக்கெண்டு புதுச் சேட் வாங்கினன், நீலம்" எண்டான்.

வெயில் எறிக்குது, குளிர் குறைவு எண்டு கதைச்சிட்டு வைச்சிட்டன்.

11.3, ஞாயிறு

கோயில் மண்டபம். தவக்காலம் எண்டபடியாலை மரக்கறி ரோல்ஸ். பிளேன்ரீக்குச் சீனி காணாது.

சுவாமி மைக்கிலை: "ஒண்டாம் இலக்கம், ஹம்." நான் எழும்பி, அதை டோர்ட்முண்டுக்குக் குடுத்திட்டம் எண்டன். மண்டபம் முழுக்கச் சத்தம். "உவனுக்கென்ன பைத்தியமே!" பின் வரிசையிலை ஆரோ. ஞானம் அண்ணை எழும்பி, றெஜி எண்டார். நான் வாங்கி, மெ. அயன் பண்ணி மடிச்ச பொன்னாடையை அவரின்ரை கையிலை குடுக்க வேண்டி வந்துது.

றெஜி என்னைப் பாக்கேல்லை. அக்காவைப் பாத்தான். நீலச் சேட், மேல் பட்டன் வரைக்கும் பூட்டி.

மெ. என்னைப் பாத்தாள். சொல்லிப்போட்டியளோ எண்ட கேள்வி கண்ணிலை. நான் லிஸ்றைப் பாத்தன்.

ரண்டு, மூண்டு: ரண்டும் போர்வேட். நாலு நாங்கள். "யூட்" எண்டன். கோல் கீப்பர், முப்பத்தாறு வயது, தபால்காரன், தொப்பை வண்டி வேறை. சிரிப்பெண்டால் அப்பிடி ஒரு சிரிப்பு. முதல் சுத்திலை ஒருத்தரும் கோல் கீப்பர் எடுத்ததில்லை. எனக்கே ஏழாவதிலை எடுக்கலாம் எண்டு இருந்தது. மெ.தான், "எஸன்காரரின்ரை கீப்பர் கனடாவுக்குப் போட்டான், அவைக்கு அஞ்சாம் இலக்கம், விட்டால் கிடைக்காது" எண்டு நிண்டவள்.

எஸன் பொறுப்பாளர் மேசையிலை கையாலை அடிச்சார். "சனியன்! நான் நினைச்சு வைச்ச ஆள்."

மெ. ரண்டு முறைக்கு முன்னாலை போய் நிண்டு பாத்திருக்கிறாள்.

ஏழு: பள்ளிக்கூட பஸ் ஓட்டுற கிளமென்ற். பத்து: மயானத்திலை தோட்டவேலை செய்யிற தாசன், ஆறடி. எல்லாருக்கும் ஞாயிறு லீவு. பின்னேரம் நாலு பேர் வந்து கை தந்து, "என்ன மூளை உங்களுக்கு" எண்டினம். நான் சிரிச்சுக்கொண்டு நிண்டன். வெக்கங்கெட்டவன்.

8.4, உயிர்ப்பு ஞாயிறு

நல்ல வெயில். ஆட்டிறைச்சி, மஞ்சள் சோறு. மெ. மூண்டு சாப்பாட்டுக் கோப்பை வைச்சாள். உயிர்ப்புக்கு றெஜி எப்பவும் எங்களோடை.

ஒரு மணி. ரண்டு மணி. வரேல்லை. ரெலிபோன் எடுக்கேல்லை.

"நீங்கள் விளங்கப்படுத்தியும் இவ்வளவு கோவமே?" எண்டு கேட்டாள். கண் சிவந்து கிடக்கு. வெங்காயமாம்.

அப்பத்தான் சொன்னன். நான் சொல்லவே இல்லையெண்டு. சேட்டைப் பற்றியும் சொன்னன்.

ஏசுவாள் எண்டு பாத்தன். ஏசேல்லை. மூண்டாவது கோப்பையைக் கழுவி அடுக்கிலை வைச்சிட்டு, "அப்ப அவன் என்னைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறான், அக்கா வித்துப்போட்டாள் எண்டு" எண்டாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

10.4, செவ்வாய்

லீவு எடுத்தன். பின்னேரம் ரண்டு மணிக்கு அவன்ரை தொழிற்சாலை வாசலிலை நிண்டன். காலை வேலை முடிஞ்சு வந்தான். கண்டிட்டு வேறை பக்கம் நடந்தான். பின்னாலை ஓடினன், நாப்பத்திமூண்டு வயதிலை, சைக்கிள் நிப்பாட்டுற இடத்திலை பிடிச்சன்.

பிழை என்னிலை எண்டன். அக்கா முதல் நாளே சொல்லச் சொன்னவ, நான் கோழை, சொல்லேல்லை எண்டன்.

"ஏன் அக்கா என்னை வேண்டாமெண்டவ?"

"உனக்கு ஞாயிறு இல்லை றெஜி. எங்களுக்குப் பதினொரு பேர் வேணும்."

பூட்டைத் திறந்தான். "சரி அத்தான்" எண்டான். போட்டான். அந்தச் சரி என்ன சரியெண்டு தெரியேல்லை.

22.4, ஞாயிறு

ரண்டாவது மட்ச். 0–0. பதினொரு பேரும், வெளியிலை மூண்டு பேரும்! எண்ணிப் பாத்து எண்ணிப் பாத்துச் சிரிச்சன்.

சிவப்புச் சாம்பல் மைதானம், ஜேர்சி முழுக்க அந்த மண். வோஷிங் மெசின் குழாய் அடைச்சுப்போச்சு. ஞாயிறு ஓய்வு நாளாம், பல்கனியிலை உடுப்புக் காயப்போட்டதெண்டு கீழ்வீட்டு அம்மா மணி அடிச்சா. மெ. போய்க் கதைச்சாள். அவ போகேக்கை கையிலை நாலு ரோல்ஸ்.

17.6, ஞாயிறு

1–0 வெண்டாச்சு! கிளமென்ற். யூட்டின்ரை வண்டியைப் பற்றி இப்ப ஆரும் கதைக்கிறதில்லை. டோர்ட்முண்டுக்கு றெஜி இண்டைக்கும் வரேல்லையாம், வேலை. எங்களிட்டைத் தோத்த முதல் மட்சுக்கும் அவன் வரேல்லை.

எண்டாலும் கடைசி மட்ச் அவையோடைதான். சமநிலையெண்டாலும் காணும், நாங்கள் அஞ்சாவது, தப்பிடுவம். தோத்தால் கடைசி.

மெ. பிரிஜ் லிஸ்றைப் பாத்துச் சொன்னாள், "முதலாந் தேதி அவனுக்கு லீவு."

1.7, ஞாயிறு

காலமை மழை, பிறகு வெளிச்சுது.

றெஜி வந்தான். இருபதாவது நிமிசத்திலை கோல் போட்டான், இடதுகால், யூட் அசையவே இல்லை. எதிர்ப்பக்கமெண்டாலும் வடிவுதான், சொல்லத்தான் வேணும். ரண்டாம் பாதியிலை கோணர் கிக், தாசன்ரை தலை. 1–1.

கடைசி நிமிசம். றெஜி தனிய ஓடி வாறான், முன்னாலை யூட் மட்டும். எனக்குப் பக்கத்திலை மெ. கத்தினாள். அடிச்சான். யூட்டின்ரை வண்டியிலை பட்டு வெளியாலை போச்சு. விசில்.

பெடியள் எல்லாம் யூட்டுக்கு மேலை. நான் சாம்பலிலை முழந்தாளிலை.

பிறகு கேட்டன், "நீ கத்தினது றெஜியெண்டோ யூட்டெண்டோ?"

"ரண்டு பேரையும்தான்" எண்டாள்.

ஞானம் அண்ணை வந்து கை தந்தார். "மூளை என்ரையில்லை அண்ணை, இவளின்ரை" எண்டன், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி.

"அது எனக்கு ரெலிபோனிலையே தெரியும் தம்பி. நீ அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிற ஆளில்லை."

அஞ்சு மணிக்கு வீட்டு மணி அடிச்சுது. றெஜி. தலை ஈரம், காதுக்குப் பின்னாலை இன்னும் சிவப்பு மண். ஒண்டும் கதைக்காமல் நேரை குசினிக்குப் போனான். பொக்கற்றிலை இருந்து நாலா மடிச்ச தாள் ஒண்டை எடுத்து, பிரிஜ் கதவிலை அக்காவின்ரை லிஸ்றுக்குப் பக்கத்திலை காந்தத்தாலை ஒட்டினான்.

தொழிற்சாலை அட்டவணை. ஒக்டோபரிலை இருந்து வேறை பிரிவு. ஏப்ரலிலையே எழுதிக் குடுத்தவனாம், இப்பத்தான் சரிவந்தது.

மெ. கையைத் துடைச்சிட்டு வந்து, தன்ரை வேலைத்தாளைப் பாக்கிற மாதிரி விரலை வைச்சு ஒவ்வொரு வரியாப் பாத்துக்கொண்டு போனாள். ஞாயிறு எல்லாம் வெறுமை.

"இப்ப எடுப்பியோ அக்கா?"

"நாலாம் இலக்கம் வரைக்கும் எடுபடாமல் நிண்டியெண்டால் பாப்பம்" எண்டவள், சொல்லி முடிக்க முதல் சுவர்ப்பக்கம் திரும்பிட்டாள். தோள் குலுங்குது. அவன் போய் அக்காவின்ரை தோளிலை நாடியை ஊண்டிக்கொண்டு நிண்டான்.

மூண்டாவது கோப்பையை நான்தான் எடுத்து வைச்சன்.