ஜெயித்தால் பங்கு

செம்பூரில் நான் ரயில் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் ஒரு புதுத் தோல் பை. ஒட்டிய சொல்யூஷன் வாடை இன்னும் போகவில்லை. உன் தாராவிப் பட்டறைக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும் அதே வாடை. கல்லூரி நாளிலேயே அது உன் துப்பட்டாவில் இருக்கும். நான் தள்ளி உட்காருவேன். இன்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியில், வடாலா தாண்டியும் அவளைவிட்டுத் தள்ளி நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

உனக்குப் பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன் என்றார்கள். கல்லோடு வெட்டக்கூடாத குழாயையும் வெட்டினார்கள். அதன்பின் உன் கண்ணில் மஞ்சள் போகவே இல்லை. பெயர் பெற்ற அந்த டாக்டர் அன்று தியேட்டருக்கு வந்தாரா, ஜூனியரிடம் விட்டுவிட்டுப் போனாரா என்று மருத்துவமனை சொல்ல மறுத்தது. நஷ்டஈட்டைவிட உனக்கு அதுதான் வேண்டியிருந்தது. "ஏட்டி, கத்தி யாரு கையில இருந்துச்சுன்னு அந்த ஆளு வாயால சொல்லணும்" என்பாய்.

கைப்பணமெல்லாம் வைத்தியத்தில் கரைந்திருந்தது. மாதுங்காவில் என் அப்பாவுக்குத் தெரிந்த வக்கீலிடம் போனோம். ஃபைலைப் புரட்டிவிட்டு, நல்ல கேஸ் என்றார். நீ கூச்சமே இல்லாமல் சொன்னாய்: "இப்ப எங்கிட்ட பணம் இல்ல சார். ஜெயிச்சா வர்றதுல உங்களுக்கும் பங்கு."

தாராவியில் நீ நம்புகிறவர்களிடம் மட்டும் சொல்லும் வார்த்தை அது. ஒருவர் தோல் போடுவார், ஒருவர் மெஷின் போடுவார். பை விற்றால் பங்கு, விற்காவிட்டால் இருவருக்கும் நஷ்டம். அவர் முகமோ நீ லஞ்சம் நீட்டியதுபோல் சுருங்கியது.

"பங்கா? அதெல்லாம் நாங்க தொடப்படாதும்மா. ரூல் இருக்கு. நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?"

"கடைன்னா வெலையாவது எழுதிப் போட்டிருப்பாவ, சார்."

சிரித்துக்கொண்டே படியிறங்கினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. வழக்கின் முடிவை வைத்து வக்கீல் கூலி பேசக்கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக்கூடாது. கட்சிக்காரரை வக்கீலின் பேராசையிலிருந்து காப்பாற்றவாம். முன்பணமாக எவ்வளவு கேட்டாலும் முகம் சுருங்க வேண்டியதில்லை. வாய்தா கேட்க எழுந்து நிற்பதற்கும் வாங்கலாம், தோற்றாலும் வாங்கலாம். கண்ணியமான தொழில். காசில்லாதவரை இத்தனை அக்கறையோடு வாசலிலேயே காப்பாற்றி அனுப்பும் ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு பார்த்த வக்கீல்களும் இதையேதான் சொன்னார்கள், இன்னும் இனிமையான குரலில்.

கடைசியில் நுகர்வோர் ஆணையத்தில் நீயே மனுப் போட்டாய். மருத்துவமனையின் வக்கீல் ஒவ்வொரு முறையும் வாய்தா வாங்கினார். ஒருநாள் வெளியே நான் வடாபாவ் தின்பதை ஆசையோடு பார்த்தபடி, "நான் சாவுறதுக்குத்தான் அவருக்குச் சம்பளம் போல" என்றாய். அடுத்த வாய்தாவுக்கு நீ இல்லை.

உன் இடத்தில் உன் மகள் மனுதாரரானாள். அவள் சார்பில் பேச நான் அனுமதி வாங்கினேன். இன்று டாக்டர் வந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் பல்லிளித்தபடி, "மேடம் வக்கீல் ஹை க்யா?" என்றார். இல்லை என்பதால்தான் வந்திருக்கிறேன் என்று இந்தியிலேயே சொன்னேன்.

உன் கேள்வியைக் கேட்டேன். கத்தி யார் கையில் இருந்தது? டாக்டர் தன் வக்கீலின் முகத்தைப் பார்த்தார். வக்கீல் எழுந்து வாய்தா கேட்டார். கிடைத்தது.

கேள்வி பதிவாகிவிட்டது. அடுத்த முறையும் அதைத்தான் கேட்பேன், அதற்கடுத்த முறையும். எனக்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால் நிறுத்தச் சொல்லவும் எவராலும் முடியாது.