ஓடுரோ வந்தால் முதலில் தண்ணீர் கொடு

அசாரே,

நான் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன், வேண்டுமென்றேதான். சோளமாவுக் கென்கேயும் பொரித்த மீனும் மூடி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் எங்கள் தையல் கம்பெனி சூப்பர்வைசர் ஓடுரோ, சமாதானம் பேசப் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஆறு மாதமாக எல்லார் முன்னாலும் என்னை "ஏய் மக்கு" என்று கூப்பிட்டவர்தான். என் புகாருக்கு முப்பது பெண்கள் சாட்சி சொல்லிவிட்டார்கள்! நாளை காலை கம்பெனியில் மன்னிப்புக் கேட்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டுவிட்டார்.

சண்டை போடாதே. முதலில் தண்ணீர் கொடு. குடித்து முடித்ததும், ஒன்றும் தெரியாதவன் போல வந்த காரியத்தைக் கேள். "வீட்டுலயே பேசி முடிச்சிக்கலாம்பா" என்பார்.

"வீட்டுல யாரும் என் பொண்டாட்டியத் திட்டலையே சார்! திட்டுன இடத்துல, அந்த முப்பது பேர் முன்னாடி சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடு.

அஃப்ரியே

பி.கு.: "வேலைய விட்டுடு" என்று நீ சொன்னதில் வந்த கோபம் முக்கால்வாசி போய்விட்டது. மீதி நாளை காலை, அவர் வாயைத் திறந்ததும் போய்விடும்.