சாக்கடையில் விழுந்த வாத்து

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் போனில் ஏதோ விளையாடிக்கொண்டே வந்தாள். தண்டலம் தாண்டும்போது தோற்றுவிட்டாள் போல. "ச்சே" என்று போனைப் பைக்குள் திணித்தாள். எனக்கு உன் நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தோற்கிறோம் என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் விளையாடியவர்கள் அல்லவா நாம்!

செல்போன் கம்பெனியில் நமக்கு ஒரே லைன், அடுத்தடுத்த இடம். நீ கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்திருந்தாய். நான் வடக்குப்பட்டிலிருந்து தினமும் வந்துபோகிறவள். எனக்குப் பயிற்சிக் காலம். போனுக்கு பட்டன் தகடு பொருத்தும் வேலை. கோணலாகப் பொருந்தினால் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பயத்திலேயே என் கை ஓடாது. "கம்பெனில வேணான்னுட்டா வூட்டோட இரு, மாப்ள பாத்துடலாம்" என்று அப்பா வேறு தயாராக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓ.டி. என்று புளுகிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பிரவுசிங் சென்டருக்கு உன்னோடு வந்துவிடுவேன். அந்த வாத்து விளையாட்டு உன் கண்டுபிடிப்பு. எந்த நாட்டுக்காரன் செய்ததோ, எழுத்து ஒன்றும் புரியாது. வாத்து தலையில் முட்டைக் கூடையோடு ரோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகாது, சாக்கடையில் விழுந்துவிடும். உடனே மேளம் கொட்டும். வாத்து எழுந்து பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி ஒரு ஆட்டம் போடும். 'கேம் ஓவர்' என்று ஆங்கிலத்தில் மின்னும். அதை மட்டும்தான் நம்மால் படிக்க முடிந்தது.

கம்பெனியில் ஓவர் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஷிப்ட் ஓவர், டார்கெட் ஓவர். அப்படியானால் கேம் ஓவர்? முடித்தாயிற்று! யார் சீக்கிரம் முடிப்பது என்று போட்டி போட்டு அந்த வாத்தைத் தள்ளினோம்.

"இன்னாடி, அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"இன்னாவாம் இன்னா! ஒங்க ஊர்ல 'என்ன'வே கெடையாதாட்டி?" என்று என் பேச்சைக் கிண்டல் செய்வாய்.

ஒருநாள் சென்டர்காரர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "அது தோத்தா வர்றதும்மா." எனக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிப்போனது. நீ அசரவே இல்லை. "தோத்ததுக்கே இந்த மேளம் அடிக்கான். ஜெயிச்சா என்னத்தப் பெருசா செஞ்சிரப் போறான்?" என்று அவரையே திருப்பிக் கேட்டாய். அதற்குப் பிறகு தெரிந்தே தோற்றோம்.

என்னை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்ற நாளில், எடுத்த எடுப்பிலேயே விளக்கு எரிந்தது. போச்சு, இனி வீடுதான் என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டியது. பக்கத்திலிருந்து மெல்ல மேளச் சத்தம் கேட்டது. நீ நேராகப் பார்த்தபடி வாயாலேயே கொட்டிக்கொண்டு, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாய். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தகட்டை எடுத்து மறுபடி பொருத்தினேன். அப்புறம் கை தன்பாட்டுக்கு ஓடியது.

"இன்னாம்மா, சிரிச்சிகினே வேல செய்யற?" என்றார் சூப்பர்வைசர். அந்த வாரமே நிரந்தரம் ஆனேன்.

போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் மகன் போனில் சொன்னான். உன்னைப்போல் ஒருத்தி எனக்கு இனி கிடைக்கப்போவதில்லை.

இப்போது நான் லைன் லீடர். போன வாரம் ஒரு பெண் கோணலாகப் பொருத்திய தகட்டைத் தானே என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தாள். "உங்ககிட்ட மட்டும் தப்பு பண்ணா பயமா இல்லக்கா" என்றாள். அதை என் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். அது உன்னுடையது.