விபூதி மடித்த கடைசி அத்தியாயம்

என் பிரிய மதினிக்கு,

முருகன் காலடியில் நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே மன்னவனூரில் அண்ணன் இருமிக்கொண்டே நடமாடுகிறார். உருளைக்கிழங்கு இந்த வருஷம் பரவாயில்லை. நம்மூருக்குக் காலையில் ஒரு பஸ் விட்டிருக்கிறார்கள், தெரியுமா? நான்தான் ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கதை படித்தேன், மதினி!

நானேதான். புருஷனைப் பறிகொடுத்து உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, "பொம்பளைக்குக் கதைப் பொஸ்தகம் எதுக்கு மதினி? சாமி பாட்டு ரெண்டு படிச்சாப் புண்ணியமாவது கெடைக்கும்" என்று உங்களை அரித்தெடுத்தவளேதான். கொடைக்கானல் காய்கறி லாரியில் உங்களுக்கு வாரப் பத்திரிகை வரும். தொடர்கதைத் தாளை மட்டும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைப்பீர்கள். அதில் ஒன்றைத்தான் எடுத்தேன்.

சும்மா ஒரு பக்கம் புரட்டுவோம் என்றுதான் பார்த்தேன். புருஷன் துரத்திவிட்ட அந்தப் பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலடியில் நிற்கிறாளே, அங்கே மாட்டிக்கொண்டேன். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. கந்த சஷ்டி அன்றைக்குச் சாயங்கால விளக்கையே மறந்தேன் என்றால் பாருங்கள். ஐம்பத்து நாலு வயதில், உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்காக அழுதேன். இது பாவமா மதினி? சாமி முன்னால் நிற்கும்போது வருகிற அழுகையும் இதே இடத்திலிருந்துதானே வருகிறது?

அவள் படித்து வாத்தியாரம்மா ஆகிறாள். புருஷன் தேடிவந்து கூப்பிடுகிறான். அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். அதோடு தாள் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன தைப்பூசத்துக்குப் பழனி போய்வந்து, பத்து வீட்டுக்கு விபூதி மடிக்க, உங்கள் அலமாரியில் தைக்காமல் கிடந்த பத்துத் தாளை எடுத்தவள் நான்.

"பேச்சி, அது கதையோட கடைசில்ல! பூண்டு வேலை முடியட்டும், ஒரேயடியாப் படிக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றீர்கள்.

"முருகன் விபூதியவிடக் கதையா பெருசு?" என்றேன்.

நீங்கள் பூண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினீர்கள். சித்திரையில் காய்ச்சல் கண்டு, முடிவு தெரியாமலே போய்விட்டீர்கள்.

கால் தேறியதும் வீடு வீடாகப் போனேன். விபூதி மடித்த தாளை யார் எறிவார்கள்? எல்லா வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் பொட்டலம் அப்படியே இருந்தது. மேலத்தெரு ராக்கம்மா மட்டும் மடக்கினாள்.

"ஏன்க்கா, குடுத்த விபூதியத் திரும்பக் கேக்குற அளவுக்கு நாங்க என்ன செஞ்சோம்?"

"விபூதி ஒனக்குத்தான்டி. தாளை மட்டும் குடு, வேற தாள்ல மடிச்சுத் தாரேன்."

"அப்படி என்ன தாளு, நெலத்துப் பத்திரமா?"

"அதைவிடப் பெருசு. வெரசா எடு."

கதையைச் சொன்னதும், அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க அவளும் என்னோடு உட்கார்ந்துவிட்டாள்.

பத்தாவது தாள் அய்யம்பாளையத்தில், உங்கள் தங்கச்சி வீட்டில். பஸ் ஏறிப் போய் வாங்கினேன். திரும்பும் வழியிலேயே படித்தும்விட்டேன். மலை வளைவுகளில் பஸ்ஸில் எல்லாருக்கும் தலை சுற்றியது. எனக்கு அவள் சொன்ன பதிலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அது என்ன பதில் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எனக்கு வாய் நிற்காது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டேன், மதினி. அடுத்த தாளைத் திருப்புவதற்கு முன்னால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்தச் சுகத்தை ஒரு தடவை உங்களிடமிருந்து பறித்துவிட்டேன். இன்னொரு தடவை பறிக்க மாட்டேன்.

சித்திரையில் உங்கள் தெவசத்துக்குப் படையல் போட்டதும், பத்துத் தாளையும் வரிசையாக, வாய்விட்டுப் படிக்கிறேன். முருகன் மேல் சத்தியம். நடுவில் நிறுத்தி என் அபிப்பிராயம் எதையும் சொல்ல மாட்டேன். அதுதான் கஷ்டம், ஆனாலும் உங்களுக்காக வாயை அடக்குவேன்.

உங்கள் நாத்தனார்,
பேச்சியம்மாள்